காவலுக்கு வேறு மீன்

மீனை முதலில் கண்டுபிடித்தது எறும்புகள்தான். மீன்தொட்டி வைத்திருந்த இரும்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரோரமாகக் கோடு போட்டுப் போய்க்கொண்டிருந்தன. நெட்டை குனிந்து பார்த்தான். விரல் நீள மஞ்சள் மீன், காய்ந்த மிளகாய் மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. முந்தின நாள் தீனி போட்டுவிட்டு வலைமூடியைச் சரியாக அழுத்தாமல் போனவன் அவன்தான். இந்த வகை மீன் துள்ளும், விரல் நுழைகிற சந்து கிடைத்தாலும் வெளியே வந்து விழும் என்று மச்சினன் ஆயிரம் தடவை சொல்லியிருந்தான்.

மச்சினன் பக்கத்துக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். நெட்டை மீனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"என்ன மாமா, குனிஞ்சு தேடுற?"

"ஒண்ணுமில்லடா. எறும்பு."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவனுக்கே கூசியது. ஏழு வாரமாகப் பழகிய வாய்.

மச்சினனை ஊரெல்லாம் கட்டை என்றுதான் கூப்பிடும். நெட்டையின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. ஆள் குள்ளம், தோள் அகலம். மாமனும் மச்சினனும் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டுகிறவர்கள். ஆளை முழுங்குகிற ஆழத்தில் கட்டை இறங்கி வெட்டுவான். நெட்டைக்கு வேலை மேலே. சுவரில் விரிசல் ஓடுகிறதா, ஓரத்து மண் உதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் கீழே கேட்காது. அதனால் ஒரு கயிறு. ஒரு முனை கட்டையின் இடுப்பில், மறுமுனை நெட்டையின் மணிக்கட்டில். கயிறு விறைப்பாக இருந்தால் மேலே ஆள் நிற்கிறது. ஒரு சுண்டு சுண்டினால் ஏறி வா. தளர்ந்து தொங்கினாலும் ஏறி வா. எந்த மேஸ்திரியும் சொல்லிக் கொடுத்ததில்லை. பதினோரு வருஷத்தில் அவர்களாகப் பண்ணிக்கொண்ட ஏற்பாடு.

போன வருஷம் ஒரு மாலை, கட்டை வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வண்ணமீன் கடையிலிருந்து ஓடி வந்தான்.

"மாமா, கடல் தண்ணிக்குள்ள நாம ரெண்டு பேரும் இருக்கோம். வந்து பாரேன்."

போய்ப் பார்த்தால், ஒரு இறால் மணலுக்குள் வளை தோண்டிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு மஞ்சள் மீன் முழித்துக்கொண்டு காவலிருந்தது. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாதாம். சிப்பித் துண்டையும் மணலையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் நீள மீசையில் ஒன்றை மீன் மேல் வைத்துக்கொள்ளும். ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும். அடுத்த நொடி இறால் உள்ளே. கட்டை இரண்டையும் வாங்கி வந்து, இரண்டடித் தொட்டியில் உப்பு கலந்த தண்ணீர் நிரப்பி, மணலும் சிப்பியும் ஒரு பாறையும் போட்டு விட்டான்.

"இறாலு கொடுக்கைத் தட்டுனா விரல்ல சொடக்குப் போட்ட மாதிரி கேக்கும்க்கா. சொடக்கு இறால். மீனுக்குப் பேரு கோபி."

"மனுசன் பேரு வெச்ச மீனை இப்பத்தான் பாக்கறேன்," என்றாள் அக்கா. "ஒரு பொண்ணைப் பாருடான்னா கோபியைக் கூட்டிட்டு வந்து நிக்கற."

"பொண்ணு வந்தா பேசும். இது பேசாதே."

"அப்ப உங்க மாமாவையே கட்டிக்கோ. அதுவும் பேசாது."

நெட்டையும் சிரித்தான். அன்றைக்கு அதில் குத்தல் எதுவும் இருக்கவில்லை.

ஏழு வாரத்துக்கு முன்னால், பக்கச்சுவருக்கு முட்டுக் கொடுக்கிற பலகை வராமலே வேலையைத் தொடங்கச் சொன்னான் சூப்பர்வைசர். மதியத்துக்கு மேல் பலகை லாரி வந்தது. "யோவ் நெட்டை! நின்னு வேடிக்கை பாக்கறதுக்கா சம்பளம்? வந்து இறக்குய்யா!" கயிற்றைக் கீழே போட்டால் கட்டை ஏறி வந்துவிடுவான். வேலை நிற்கும். நின்றால் சூப்பர்வைசர் வண்டை வண்டையாகத் திட்டுவான். கட்டை ஒரே இடத்தில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தான். நெட்டை கடப்பாரையை மண்ணில் குத்தி நிறுத்தி, கயிற்றை இழுத்து அதில் கட்டினான். விறைப்பாகத்தான் கட்டினான். ஐந்து நிமிஷம் என்று நினைத்தான். ஆறாவது பலகையைத் தோளில் வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் பெரிய மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

கட்டையின் இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. இடது தொடையில் இப்போது எலும்பைவிட இரும்புதான் அதிகம். இன்னொரு ஆபரேஷன் செய்தால் எழுந்து நிற்கலாம் என்றார்கள். செய்யாவிட்டால் கட்டில்தான். அதற்கு நடுவில் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தோடு வந்து போனான். மேலே நின்றவர் சைகை கொடுத்தும் தொழிலாளி ஏறி வரவில்லை, தவறு தொழிலாளியுடையதே என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. வெள்ளிக்கிழமை தொழிலாளர் அதிகாரி விசாரிக்க வரும்போது கட்டை அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வைத்தியத்திலிருந்து கம்பெனி கையைக் கழுவிவிடும்.

கட்டை போடத் தயாராக இருந்தான். அதுதான் நெட்டையைக் கொன்றது.

"நீ சுண்டியிருப்ப மாமா. எனக்குத்தான் உறைக்கலை. இல்லன்னு சொன்னா மேல நின்னவன் மேல கேஸு போடுவாங்களாம். உனக்கு ஒண்ணு ஆனா அக்கா என்ன பண்ணும்?"

நெட்டை அதற்கு வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே புதன்கிழமை வந்தது, மீனும் செத்தது.

அன்று முழுக்க இறால் வெளியே வரவில்லை. வாசலை உள்ளிருந்தே சிப்பியால் அடைத்துக்கொண்டது. கட்டை தலையணையில் கழுத்தைத் திருப்பித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோபியைக் காணோமே மாமா."

"உள்ள இருக்கும். இறாலு தோல் உரிச்சா ரெண்டும் வெளிய வராதுன்னு நீதானடா சொன்ன?"

"ஆமால்ல," என்றான் கட்டை நம்பிக்கையோடு.

வியாழக்கிழமை காலை எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரி வேன் வந்து கட்டையையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போனது. நெட்டை நேராக மீன் கடைக்குப் போனான். அதே மாதிரி மஞ்சள் மீன் ஒன்று இருந்தது.

"பழைய இறாலு இதைச் சேத்துக்குமா?" என்று கேட்டான்.

கடைக்காரர் மீனைப் பாலிதீன் பையில் பிடித்துக்கொண்டே சொன்னார். "அதுக்கு எந்த மீனுன்னு கவலையே கிடையாதுங்க. தொட்டுப் பாத்தா வாசல்ல ஒருத்தன் நிக்கணும், அவ்வளவுதான்."

பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, மீனை விட்டான். மூடியை நான்கு மூலையிலும் அழுத்தினான். புது மீன் மூலையில் ஒடுங்கி, பிறகு மணலை மோந்து மோந்து வளையிடம் வந்தது. உள்ளே 'டக்' என்று ஒரு சொடக்கு. கொஞ்ச நேரத்தில் சிப்பி நகர்ந்தது. முதலில் மீசை வந்தது, அப்புறம் இறால்.

மூன்று மணிக்குக் கட்டையைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். வலியில் முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஆனாலும் கண் முதலில் தொட்டிக்குத்தான் போனது. நெடுநேரம் பார்த்தான்.

"மாமா, இது கோபி இல்ல."

"பின்ன வேற யாராம்?"

"அவனுக்கு முதுகுத் துடுப்புல ஒரு கிழிசல் இருக்கும். செத்துட்டானா?"

"ம்."

"எப்ப?"

"நேத்து. மூடியை நான்தான் சரியா அழுத்தலை."

கட்டைக்குக் கோபம் வரவில்லை. "சொல்லியிருக்கலாம்ல மாமா. மீனுதானே." இறால் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, புது மீனின் விலாவில் மீசையை வைத்தது. "பாரேன், மேல நிக்கறது யாருன்னு அதுக்குத் தெரியவே இல்ல."

சும்மாதான் சொன்னான். நெட்டை தொட்டி மூடியின் மூலையை இன்னொரு தடவை அழுத்தினான். இன்னும் ஒரு ராத்திரி. விடிந்தால் இவன் கையெழுத்துப் போடுவான்; அதற்கும் ஒரு பொய் சொல்லிவிட்டுச் சாகும்வரை இந்தக் கட்டிலுக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும்.

"நான் சுண்டலைடா," என்றான்.

"எது?"

"அன்னிக்கு. நான் சுண்டவே இல்ல."

"கயிறு விறைப்பா இருந்துச்சே."

"கடப்பாரையில கட்டியிருந்தேன். பலகை இறக்கக் கூப்பிட்டான், போயிட்டேன்."

கட்டை தொட்டியிலிருந்து கண்ணை எடுத்து மாமனைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரம்?"

"ஆறு பலகை."

"கீழ போட்டிருந்தா நான் ஏறி வந்திருப்பேன் மாமா."

"தெரியும்."

"மண்ணு சரிஞ்சதும் நீதான் முதல் ஆளா ஓடி வந்து நகம் பிய்யத் தோண்டுனன்னு எல்லாரும் சொன்னாங்க."

நெட்டை இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. "முதல்ல கயித்தை அவுத்தேன். யாராவது பாத்துடுவாங்கன்னு. அப்புறம்தான் தோண்டினேன்."

கட்டையால் புரண்டு படுக்க முடியாது. கழுத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கதவருகில் மனைவி மருந்துப் பையோடு நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"நாளைக்கு அந்த ஆளுங்க முன்னால இதைச் சொல்லுவீங்களா?"

"சொன்னா வேலை போயிடும். கேஸும் வரும்."

"நான் அதைக் கேக்கலை."

மறுநாள் பத்து மணிக்கு சூப்பர்வைசரும் அதிகாரியும் வந்தார்கள். அதிகாரி வயதான பெண்மணி. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சூப்பர்வைசர் காகிதத்தைக் கட்டையின் மார்பு மேலேயே வைத்துப் பேனாவை நீட்டினான். கட்டை வாங்கவில்லை. மாமனையும் பார்க்கவில்லை.

"அதுல இருக்கறது பொய்ங்கம்மா," என்றான் நெட்டை. கடப்பாரை, கயிறு, லாரி எல்லாவற்றையும் சொன்னான்.

"என்னய்யா உளர்ற? காலங்காத்தால ஊத்திட்டு வந்துட்டியா?" என்று எகிறினான் சூப்பர்வைசர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் அந்த அம்மாள். நெட்டையிடம் திரும்பினார். "பலகை வர்றதுக்கு முன்னாடியே இறங்கச் சொன்னது யாரு?"

"இவருதான்."

"உங்களைக் கூப்பிட்டது?"

"இவருதான். போனது நான்தான்."

"இது உங்க மேலயும் வரும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதாங்க."

அவர் எல்லாவற்றையும் எழுதி, நெட்டையிடம் கையெழுத்து வாங்கினார். சூப்பர்வைசரின் காகிதத்தைத் தன் கோப்பிலேயே வைத்துக்கொண்டார். விசாரணை முடிகிறவரை வைத்தியத்தை நிறுத்தக்கூடாது என்று கம்பெனிக்கு எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சூப்பர்வைசர் வாசலில் நின்று நெட்டையின் நெஞ்சில் விரலால் குத்தினான். "திங்கக்கிழமை வந்துடாத. எந்த சைட்லயும் உன்னை எவனும் சேக்க மாட்டான். பாத்துக்கறேன்."

அவர்கள் போன பிறகு கட்டை முந்தின நாளுக்கப்புறம் முதல்முறையாகப் பேசினான்.

"மாமா."

"சொல்லுடா மச்சான்."

"இனிமே இந்த ரூமுக்கு வராத."

நெட்டை நின்றான். "உன்னை யாருடா தூக்குவா? அக்காவால முடியாதுடா."

"முடியாட்டி கிடக்கறேன்."

நெட்டை சமையல்கட்டில் போய் உட்கார்ந்தான். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தடவை கட்டையைப் புரட்டிப் போட வேண்டும். ஏழு வாரமாகத் தோளுக்கு அடியில் நெட்டை கை கொடுப்பான், இடுப்பை மனைவி பிடிப்பாள். பன்னிரண்டு மணிக்கு மனைவி தனியாக உள்ளே போனாள். கட்டில் கிரீச்சிட்டது. கட்டை பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். அவள் மூச்சு வாங்க ஒருமுறை முயன்றாள், நிறுத்தினாள், மறுபடி முயன்றாள்.

நெட்டை எழுந்து கதவு வரை போனான். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் கூப்பிடவில்லை.