ஓரத்தில் எண் இல்லாத ஃபிலிம்

வீட்டிலேயே கழுவிய மூன்றாவது கேமரா ஃபிலிமும் வெறும் கண்ணாடித் தாள் மாதிரி வெளியே வந்தபோது அவள் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு படம்கூட விழவில்லை. வாசலில் காத்திருந்த கணவன் உள்ளே வந்து அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கோளாறு கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. முதல் ஃபிலிம் போனபோது தண்ணீர் சூடு சரியில்லை என்று சொல்லித் தெர்மாமீட்டர் வாங்கிவந்தான். அடுத்தது போனபோது டெவலப்பர் பழசாகியிருக்கும் என்றான். அவள் எல்லாவற்றையும் புதிதாகக் கலக்கினாள். இப்போது அவனிடமும் காரணம் தீர்ந்துவிட்டது.

"உனக்கு இது கைவராதும்மா. விட்டுடு. நான் இருக்கேன்ல?"

பக்கத்து அறையில் போனில் தன் அண்ணனிடம், இவள் கழுவுகிற சுத்தத்தில் படமும் சேர்ந்து போய்விடுகிறது என்று அவன் சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்தது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும், ஃபிலிம் கழுவும் மருந்து வாங்கிய கடைக்காரருக்குப் போன் செய்தாள். ஃபிலிமின் ஓரத்தில் எண்கள் தெரிகிறதா என்றுதான் அவர் முதலில் கேட்டார். தெரியவில்லை என்றாள். கேமராவில் படமே எடுக்காவிட்டாலும் கம்பெனியே பதித்த அந்த எண்கள் வந்தாக வேண்டும், அதனால் தப்பு மருந்தில்தான் என்றார். வெளிச்சத்திலேயே ஒவ்வொரு மருந்திலும் ஒரு ஃபிலிம் துண்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். முதலில் ஊற்றுகிற டெவலப்பர் கறுப்பாக்கும், அடுத்து ஊற்றுகிற ஃபிக்ஸர் வெளுக்கும்; வரிசை மாறினால் படம் மொத்தமும் அழிந்துவிடும்.

இரண்டு டம்ளர்களை ஜன்னல் ஓரம் வைத்தாள். டெவலப்பர் என்று எழுதிய பாட்டிலிலிருந்து ஊற்றியதில் போட்ட துண்டு வெளுத்தது. மற்றது கரிக்கட்டையாகக் கறுத்தது. கலக்கி, பாட்டிலில் நிரப்பி, பெயர் எழுதி ஒட்டியது அவள்தான். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

மாலையில் அவனிடம் கேட்டாள். ஷூவைக் கழற்றிக்கொண்டே அவன் ஒப்புக்கொண்டான்.

"ஆமா, நான்தான் மாத்தி ஊத்தினேன். மூணு தடவையும்."

"ஏன்?"

"எப்பப் பாரு பாத்ரூமே கதின்னு கிடக்குற. ஃபிலிம் போனாத்தான் எங்கிட்ட வந்து அழற. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு." பிறகு, சும்மா விளையாட்டுக்குத்தானே, இதற்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்று சொல்லி டீ கேட்டான்.

அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவன் ஒரு வாய் குடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"நேத்து போன ரோல்ல உங்க அம்மா இருந்தாங்க. கடைசியா ஆஸ்பத்திரில, கட்டில்ல சாஞ்சு உட்கார்ந்து சிரிச்சாங்களே, அது. பிரின்ட் போட்டு உங்க கையில குடுக்கலாம்னு இருந்தேன்."

அது பொய். அந்த ரோலில் இருந்தவை மழை நனைத்த படிக்கட்டும் கொடியில் காயும் துணிகளும். அத்தையின் ரோல் இன்னும் கழுவாமல் ஃபிரிட்ஜில் பத்திரமாக இருந்தது.

அவன் எழுந்து போய், கொடியில் தொங்கிய ஃபிலிமைக் கிளிப்போடு பிடுங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். விரலால் தடவித் தடவிப் பார்த்தான். ஒரு நிழல்கூடவா மிஞ்சாது என்று கேட்டான். அம்மா செத்த அன்று அழாதவன், அங்கேயே நின்று குழந்தை மாதிரி தேம்பினான். அவள் கதவில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அடுத்த வாரம், அவன் இல்லாத நேரத்தில், புதிதாக மருந்து கலக்கி அத்தையின் ரோலைக் கழுவினாள். ஒரு புள்ளி, ஒரு கீறல் இல்லை. அத்தையின் சிரிப்பு கண்ணோரச் சுருக்கம்வரை விழுந்திருந்தது. காயவைத்து, வெட்டி, கவரில் போட்டு, தான் பார்வை சோதிக்கும் கண்ணாடிக் கடைக்கு எடுத்துப்போய் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

வெற்று ஃபிலிமை அவன் தூக்கிப்போடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு விளக்கடியில் போய் நிற்பான். ஒருநாள் அவளைக் கூப்பிட்டான்.

"நீ கண்ணு டெஸ்ட் பண்றவ. நல்லாப் பார்த்துச் சொல்லேன். இந்த இடத்துல லேசா ஏதோ தெரியல?"

அவள் லென்ஸை எடுத்துவந்து குனிந்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அவசரமில்லாமல் பார்த்தாள். அவன் ஃபிலிமை விளக்குக்கு இன்னும் கிட்டத்தில் தூக்கிப் பிடித்தான்.

"ஒண்ணும் இல்லீங்க," என்றாள்.