நெவியாவின் பீப்பாய்

ரொக்காவேனா மலையூரில் இலாரியோவின் நிலவறையில் இருந்த சின்னப் பீப்பாய், அவருடைய ஒரே மகள் நெவியா வீட்டைவிட்டுப் போன மறுநாள் மூச்சுவிடத் தொடங்கியது. அந்த வருடம் ஆலங்கட்டி மழை பாதித் திராட்சையை அடித்துப்போட்டிருந்ததால் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண் பிறந்தால் இனிப்பு ஒயினை ஒரு பீப்பாயில் ஊற்றி, மெழுகால் அடைத்து, அவள் கல்யாணத்தன்று திறப்பது அங்கே வழக்கம். நெவியாவோ சமவெளியில் ரயில்வேயில் வேலை பார்க்கும் தனிலோவைத்தான் கட்டுவேன் என்றாள். கொடிக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்குப் பீப்பாயைத் திறக்கமாட்டேன் என்றார் இலாரியோ. "அப்ப நீங்களே அதுக்குக் காவல் இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு மலையிறங்கினாள். ஒயின் இல்லாமலே கல்யாணம் நடந்தது.

நல்ல காவல்தான் இருந்தார் மனுஷன். ஐந்து வருடம் கடிதமில்லை, பேச்சில்லை; ஆனால் தினமும் படியிறங்கிப் போய்ப் பீப்பாயில் காதை வைப்பார். அவளுக்குச் சளி பிடித்தால் அது கரகரக்கும். மலையிறங்கிப் போகிறவர்கள் சொல்லி நெவியாவுக்கும் இது தெரியும். மூச்சு சீராக இருந்தால் மேலே வந்து நிம்மதியாக ரொட்டியைச் சூப்பில் தோய்த்துத் தின்பார். சமவெளிக்குப் போய் அவளைப் பார்க்கக் கழுதை வண்டியில் இரண்டு மணி நேரம்தான். பாழாய்ப்போன வீம்பு விடவில்லை.

ஜூன் மாதம், கொடிகள் பூத்த வாரம், பீப்பாய் இரைக்கத் தொடங்கியது. கொடி பூக்கும்போது அடைத்துவைத்த ஒயினும் புரளும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு செலிந்தா நாலு பெற்றவள். வந்து காது கொடுத்தாள்.

"அண்ணே, இது ஒயின் புரளுற சத்தமில்ல. ஒங்க மக பிரசவ வலியில கெடக்கா. வண்டியப் பூட்டுங்க."

"நாப்பது வருஷமா ஒயின் போடுறவனுக்கு நீ சொல்லித் தர்றியாக்கும்? பூ உதிர்ந்தா அடங்கிடும், போ."

மூன்றாம் நாள் பூ உதிர்ந்தது. பீப்பாயும் அடங்கியது.

அதன் பிறகுதான் அவர் வண்டியைப் பூட்டினார். பீப்பாயை மடியில் வைத்துக்கொண்டு வழிநெடுக அதைத் தட்டித் தட்டி மகளைக் கூப்பிட்டபடியே போனார். தனிலோ வாசலில் அன்று பிறந்த பெண் குழந்தையோடு நின்றிருந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மூணு நாளா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. 'அப்பாவுக்குக் கேட்டிருக்கும், பீப்பாயோட வந்துருவார்'னே சொல்லிக்கிட்டிருந்தா" என்றான்.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு அந்த ஒயினை ஊற்றினார்கள். அப்படி ஒரு ஒயினைக் குடித்ததில்லை என்றார்கள். இலாரியோ தொடவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் பேத்திக்காக அதே பீப்பாயை நிரப்பி அடைத்தார். அது இப்போது சின்னச் சின்னதாக மூச்சுவிடுகிறது. ஒரு தும்மல் கேட்டாலும் வண்டியைப் பூட்டிவிடுகிறார். கொடி பூக்கும் வாரத்தில் மட்டும் அவர் காது கொடுத்துப் பார்ப்பதில்லை. அந்த வாரம் முழுக்க வண்டி தனிலோவின் வாசலில்தான் நிற்கும்.