கொடி இறங்கும் நேரம்

அவன் கைக்குட்டையை எடுத்திருக்க வேண்டாம், வேறு எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், மேடை மூலையில் துண்டு தொங்கியது, பஞ்சு இருந்தது, அதற்கென்றே ஒரு ஆள் வாளியோடு நின்றான்… வெர்லீன் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்து வெள்ளைக் கையுறையை விரல் விரலாக இழுத்துவிட்டபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ராணுவ முகாமின் குத்துச்சண்டைப் போட்டி, மூன்றாவது சுற்று, கார்ப்பரல் கூபியாக்கின் புருவம் கிழிந்து கன்னமெல்லாம் ரத்தம், உடனே கேப்டன் ராய்ஸ் டாலிவர், அவளுடைய புருஷன், ஒரு கம்பெனிச் சிப்பாய்களுக்கே அதிகாரி, நாற்காலியை விட்டு எழுந்து கயிறு வரைக்கும் போய், காலையில் அவள் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்த கைக்குட்டையால் அந்தப் புருவத்தை ஒற்றி எடுத்தான். எவ்வளவு மெதுவாக. அந்தக் கைக்கு அப்படியும் தொடத் தெரியும் என்று ஏழு வருஷத்தில் அவளுக்கு யார் சொன்னார்கள்? கூபியாக், "ஒண்ணுமில்ல கேப்டன் சார், எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சிரித்தான், பல்லெல்லாம் சிவப்பு. ராய்ஸ் சிரிக்கவில்லை, வாய் லேசாகத் திறந்தபடி நின்றான். அந்தப் பசித்த முகத்தை அவளுக்குத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவளும்தான் பார்த்தாள், அந்தத் தோளை, அதில் வழிந்த வேர்வையை, இரண்டு வருஷமாக ஆசையோடு யாரும் தொடாத உடம்பு வேறு என்ன செய்யும்… புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஆளை… அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் வம்பாகப் போயிற்று.

"என்ன சிரிப்பு?" என்றான் ராய்ஸ், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆறு மணிக்குக் கர்னல் வீட்டில் விருந்து, பின் இருக்கையில் பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம், ஜார்ஜியா வெயிலில் அதன் மேல் சர்க்கரை உருகிக்கொண்டிருக்கும், வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் இந்த நாளும் மற்ற நாட்களைப் போலக் கழிந்திருக்கும். ஆனால் நாக்கு நிற்கவில்லை. "அந்தக் கைக்குட்டையைத் துவைக்கப் போடப்போறியா, இல்ல தலகாணிக்கு அடியில வச்சுக்கப்போறியா?" என்று கேட்டாள். கார் பரேடு மைதானத்து ஓரம் பைன் மரத்தடியில் நின்றது, சத்தமில்லாமல், ஒழுங்காக. "இன்னொரு தடவ சொல்லு." சொன்னாள். புறங்கை வந்தது, மோதிரம் உதட்டைக் கிழித்தது, அடுத்த அடியில் தலை ஜன்னல் கண்ணாடியில் மோதி காதுக்குள் ஙொய்யென்று ஒரு சத்தம்… முகத்தில் அடிக்கிறானே, முகத்தில் அடிக்கமாட்டானே, எப்போதும் சட்டைக் கை மறைக்கிற இடமாகப் பார்த்துத்தானே அடிப்பான்? இதற்கு எவ்வளவு பவுடர் பூசினால் மறையும்? முன்பு சட்டைக் கை விலகித் தெரிந்த காயத்துக்கு அவள் சொன்ன சாக்கை வைத்தே கர்னல் மனைவி விருந்தில் எல்லார் முன்னாலும் கேட்பாள், "என்ன வெர்லீன் கண்ணு, மறுபடியும் அலமாரிக் கதவா?" கேட்டுவிட்டு சாலட் பரிமாறப் போய்விடுவாள். இப்போது இரண்டு கையும் கழுத்தில். "சொல்லமாட்டேன்னு சொல்லு… யார்கிட்டயும் வாயத் தொறக்கமாட்டேன்னு சொல்லுடி." கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லு என்றால் எப்படிச் சொல்வது? அவன் அழுதுகொண்டிருந்தான். மூக்கிலிருந்து நீர் அவள் கன்னத்தில் சொட்டியது. கூபியாக்கைப் பார்த்த அந்தப் பார்வை வெளியே தெரிந்தால் பட்டாளம் அவன் தோள்பட்டையில் இருப்பதையெல்லாம் பிடுங்கித் தெருவில் விட்டுவிடும், அந்தப் பயம் அவளுக்குத் தெரியும், பாவம் என்றுகூடத் தோன்றியது. சாகிற நேரத்தில் கொல்கிறவனைப் பார்த்துப் பாவம் என்கிறாளே, இவளை எதில் சேர்ப்பது? கண் ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது, இன்றைக்கு முடிந்தது, இங்கேயே, இந்த மரத்தடியில்…

பியூகிள் ஊதியது. ஐந்து மணி, கொடி இறக்குகிற அழைப்பு. கழுத்திலிருந்து கை எடுபட்டது. ராய்ஸ் கதவைத் திறந்து இறங்கினான், தொப்பியை வைத்தான், டையை நேராக்கினான், காருக்கு முன்னால் நாலு எட்டு நடந்து கொடியைப் பார்த்து விறைப்பாக நின்றான். அவள் கால்களும் இறங்கின. சார்ஜென்ட் மகள், முகாமில் பிறந்தவள், இந்த ஊதலுக்கு அசையாமல் நிற்க நடை பழகும்போதே பழகியவள். மூச்சு இழுத்தால் கீச்சென்றது. சாலை முழுக்க வண்டிகள் நின்றுவிட்டன, சிப்பாய்கள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள், எதிர்ப்பக்கம் ஒரு லெப்டினன்டின் மனைவி தள்ளுவண்டிக் குழந்தையோடு நின்றாள், வெர்லீனின் உதட்டு ரத்தம் அவளுக்குத் தெரியாமல் இருக்காது, ஆனால் கண் கொடியில், எல்லார் கண்ணும் கொடியில். கொடிக்கு மரியாதையாகப் பீரங்கி வெடித்தது. ராய்ஸின் கை உயர்ந்து புருவத்தைத் தொட்டு நின்றது.

நடுங்கவில்லை. அவள் அந்தக் கையையே பார்த்தாள், ஒரு விரல்கூட நடுங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அடித்து முடித்த பிறகு குளியலறைத் தரையில் மண்டிபோட்டு, அவள் கையில் ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "நான் இல்ல வெர்லீன், கை தானா வருது, என்னால நிறுத்த முடியல" என்பான், அவளும் நம்பினாள், வியாதிக்காரனுக்குப் பத்தியம் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டாள். முடியாது என்றானே? இதோ நிறுத்தினானே, பாதிக் கொலையில், ஒரு சிப்பாய்ப் பையன் மைதானத்து மறுகோடியில் நின்று ஊதியதற்காக. அவளுக்காக ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. முடியாமல் இல்லை… அப்படியானால் ஏழு வருஷமும் ஒவ்வொரு அடியும் அவன் அடித்தது. கை அடித்தது இல்லை.

கொடி பாதிக் கம்பத்துக்கு வந்துவிட்டது. அவளுடைய கையும்தான் யாரும் சொல்லாமல் கொடி மரியாதைக்கு நெஞ்சுக்குப் போயிருந்தது, வெள்ளைக் கையுறையில் சிவப்பு. அதை எடுக்க முடியுமா? எடுத்தாள். எடுக்க முடிந்தது. திறந்த கதவு வழியே உள்ளே ஏறி, நீள இருக்கையில் நகர்ந்து ஸ்டீயரிங் பக்கம் போனாள், சாவி வண்டியிலேயே இருந்தது. அத்தனை பேர் நிற்கிற இடத்தில் எஞ்சின் சத்தம் அசிங்கமாகக் கேட்டது. ராய்ஸின் கண்மணி மட்டும் அவள் பக்கம் திரும்பியது, கை புருவத்தைவிட்டு அசையவில்லை. ஊதல் முடியும்வரை அவன் நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டான், அது இன்னும் எவ்வளவு பாக்கி என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.