வெள்ளை அஞ்சு ரூபாய்

அன்று காலை நாணயச் சங்க அறையில் இருந்தவர்கள்: தலைவர் செந்தில்நாதன், மைன்ஸ் ஆபீஸில் இருந்து ரிட்டையரானவர். செயலாளர் உமாராணி, வேதியியல் டீச்சர். பொருளாளர் பிரவீன்குமார். சங்கத்தில் சேராத கார்முகில், நிலக்கரி கன்வேயரில் கான்ட்ராக்ட் வேலை, டிகிரியைப் பாதியில் விட்டவன்.

மறுநாள் கண்காட்சி. அதில் தன் நாணயத்துக்கு இடம் கேட்டு வந்திருந்தான் கார்முகில். சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் சில்லறையாக வந்த ஐந்து ரூபாய் அது. அதிலிருந்த வருஷத்துக்குப் பித்தளை மஞ்சளாக இருக்க வேண்டியது வெள்ளையாக இருந்தது. ஒரு ரூபாய்க்கு வெட்டிய எஃகு வில்லை ஒன்று நாணயச்சாலையில் தவறிப்போய் ஐந்து ரூபாய் அச்சில் விழுந்திருக்கிறது என்றான்.

செந்தில்நாதன் சட்டைப்பையிலிருந்து இன்னொரு வெள்ளை ஐந்து ரூபாயை எடுத்து மேஜையில் போட்டார்.

"போன வாரம் நானே நிக்கல் முலாம் பூசினது. ஒரு மணி நேர வேலை. ஏமாறாதீங்கன்னு ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் காட்ட வச்சிருக்கேன். உன்னதையும் பக்கத்துல வைக்கிறேன் தம்பி. போலின்னு சீட்டு எழுதி, உன் பேரையும் போட்டு."

பிரவீன்குமார் சிரித்தான். கார்முகிலுக்குக் காது சுட்டது. இப்போது எழுந்து போனால் நகரியம் முழுக்க அவன் ஃபோர்ஜரிக்காரன்.

"டீச்சர், தராசு இருக்குங்களா?"

உமாராணி பள்ளித் தராசை எடுத்து வைத்தார். ஒரு தட்டில் கார்முகிலின் ஐந்து ரூபாய், மறு தட்டில் சாதாரண ஒரு ரூபாய். மஞ்சள் ஐந்து ரூபாய் என்றால் அதன் தட்டு இறங்கியிருக்கும். முள் நடுவில் நின்றது.

"சமமா நிக்குது சார்" என்றார் உமாராணி.

"அரம் போட்டுக் குறைச்சிருப்பான். கான்ட்ராக்ட் பசங்களுக்கு அரத்துக்கா பஞ்சம்?"

கார்முகில் பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்தான்.

"முலாமும் காந்தத்துல ஒட்டும்பா" என்றார் செந்தில்நாதன்.

"ஒட்டட்டுங்க. நான் தொடவே போறதில்ல. நீங்க ஆபீஸ்லயே இருந்துகினு பெல்ட்டப் பாத்திருக்க மாட்டீங்க."

கன்வேயரில் பெல்ட்டுக்கு மேலே ஒரு காந்தம் தொங்கும். கரியோடு வரும் இரும்பு போல்ட்டைத் தொடாமலே மேலே இழுத்துக்கொள்ளும். பித்தளை வந்தால் விட்டுவிடும். ஆறு வருஷமாக அவன் அதன் பக்கத்தில்தான் நிற்கிறான்.

இரண்டு நாணயங்களையும் அருகருகே வைத்துக் காந்தத்தை மேலிருந்து மெதுவாக இறக்கினான். ஒரு விரல் உயரம் இருக்கும்போது அவனுடையது துள்ளி மேலே போய் 'டக்'கென்று அடித்தது. செந்தில்நாதனுடையது அசையவில்லை.

"இன்னொரு தடவை" என்றான் பிரவீன்குமார். இப்போது அவன் சிரிக்கவில்லை.

மறுபடியும் துள்ளியது. மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை. கார்முகிலுக்குத்தான் இன்னொரு தடவை காட்ட ஆசையாக இருந்தது.

உமாராணி நடுவிலிருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, தலைவரின் நாணயங்களை ஓரத்துக்குத் தள்ளினார்.

"சீட்டுல என்ன எழுதட்டும் சார்?"

"எஃகுல அடிச்ச அஞ்சு ரூபாய்னு எழுதுங்க."

"பேரு?"

"அவன் பேருதான். வேற யார் பேரை எழுதுவீங்க?" செந்தில்நாதன் தன் முலாம் நாணயத்தை எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார்.

பெட்டி திறந்திருந்தால் அறை பூட்டியிருக்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி. அவர் படி இறங்குவதற்குள் கார்முகில் போய்க் கதவைச் சாத்தி உள்ளே பூட்டினான்.