கருத்தையா கட்டிய காப்பு

புதுவயல் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் கருத்தையாவுக்கு ஊரில் தனிப் பெருமை உண்டு. காரைக்குடி ஆஸ்பத்திரியில் நாலு தடவை ரத்தம் கொடுத்தவன். அவனுடையது லேசில் கிடைக்காத வகை ரத்தமாம். நர்சம்மா தன் நோட்டில் அவன் பேரை எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார் என்பதை டீக்கடையில் அவன் சொல்லாத நாள் கிடையாது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்களுக்கும் அவன் மேல் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்தது.

அறுபத்து நாலில் காலரா வந்தது. தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கே சுற்றினால் என்ன, கடைசியில் நம் ஊருணிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மில்லை மூடினார்கள். கருத்தையாவோடு மூட்டை தூக்குகிறவனும், அவனோடு கூடப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவனுமான தங்கச்சாமி, நாலாம் நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்து பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். அவன் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. ரத்தம் குறைந்த உடம்பில் நோய் சுலபமாகப் புகுந்துகொண்டது என்றுதான் பேசினார்கள். கருத்தையாவும் அதையே நம்பினான். ஊசி குத்திய இடத்தை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஊர் கூடி, மாசம் பார்க்காமல் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியது. மஞ்சள் நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டவன் எட்டு நாளைக்கு எல்லை தாண்டக்கூடாது, உடம்பிலிருந்து ரத்தம் சிந்தக்கூடாது. கருத்தையா அன்றைக்குக் கல்லலில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்ததால் கட்டவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் சிட்டாள் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ ஓர் ஆசாரி வந்து, ரத்தம் கொடுக்கிற கருத்தையா வீடு எது என்று டீக்கடையில் விசாரிக்கிறானாம். கருத்தையாவின் பெண்டாட்டி அழகி அடுப்பை விட்டு எழுந்தாள். உள்ளே போய் ஒரு நூலில் மஞ்சளைத் தேய்த்து எடுத்துவந்தாள். அவனும் கையை நீட்டினான். முடிச்சு விழுவதற்கும் வாசலில் சைக்கிள் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

வந்தவன் நாச்சியாபுரத்துத் தச்சாசாரி அரசப்பன். அவன் மனைவி நாகவல்லிக்கு முந்தின நாள் தலைப்பிரசவம். பெண் குழந்தை பிறந்தது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் அதே வகை ரத்தம் ஏற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்சம்மா நோட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார். இன்னொருவர் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்து, அங்கே கொட்டிக்கிடந்த ப்ளீச்சிங் பவுடரைப் பார்த்ததும் திரும்பிவிட்டார். மிச்சம் கருத்தையா ஒருவன்தான். இதையெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லி முடித்தான் அரசப்பன்.

கருத்தையா கையைத் தூக்கிக் காட்டினான்.

"காப்புக் கட்டியிருக்கேன் ஆசாரி."

காலில் விழுவான், கெஞ்சுவான், இல்லாவிட்டால் வாயில் வந்தபடி திட்டுவான் என்று கருத்தையா எதிர்பார்த்திருந்தான். திட்டியிருந்தால் வீம்புக்காவது அவிழ்த்து எறிந்துவிட்டுக் கூடப் போயிருப்பான். அந்த மனிதனோ செருப்பைக் கழற்றிவிட்டு, மஞ்சள் நூலைப் பார்த்துக் கும்பிட்டான்.

"ஆத்தா கட்டிப்போட்டுருக்கா. நீங்க என்ன செய்வீக? தெரியாம வந்துட்டேன், மன்னிச்சுக்கங்கண்ணே."

திரும்பி நாலு அடி தள்ளுவதற்குள் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. அதை மாட்ட அரசப்பனுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கருத்தையா வாசலில்தான் நின்றான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மத்தியானம் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான். எழுந்து எல்லைக்கல் வரைக்கும் நடந்தான். காரைக்குடி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவன் முகத்தைப் பார்த்தார், அவன் மணிக்கட்டைப் பார்த்தார், விசில் ஊதினார். நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று கருத்தையா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். கெடு சாயங்காலம் வரைக்கும்தான் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?

எட்டாம் நாள் எல்லோரும் காப்பை அவிழ்த்து ஊருணியில் விட்டார்கள். கருத்தையா போகவில்லை. பொய்யாகக் கட்டியதை எந்த முகத்தோடு ஆத்தா முன்னால் அவிழ்ப்பது? கையிலேயே வைத்துக்கொண்டு திரிவதற்கும் பயமாக இருந்தது. அழகி அவன் கைப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

ஊர் காப்புக் கட்டிய பதினேழாம் நாள் அரசப்பன் மறுபடியும் வந்தான். மொட்டைத்தலை. நெஞ்சோடு ஒரு துணிச்சுருள், அதற்குள் குழந்தை.

"அவ அன்னைக்கே போயிட்டாண்ணே," என்றான், சேதி சொல்லிப் போக வந்தவனைப் போல. குழந்தைக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, நாளுக்கு நாள் சூம்பிக்கொண்டே போகிறது என்றான். அப்புறம் அவன் பார்வை கருத்தையாவின் மணிக்கட்டுக்கு வந்து நின்றது. வியர்வையில் கறுத்து, மஞ்சள் போன இடம் தெரியாமல் கிடந்தது நூல்.

"ஊர்ல எல்லாரும் அவுத்துட்டாகன்னு சொன்னாக. நீங்க மட்டும் இன்னும் அவுக்காம இருக்கீக. எம்பொஞ்சாதி உசிரைவிடப் பெருசா மதிச்ச காப்புண்ணே இது. இதைப் புள்ள கையில கட்டிவிடுங்க. இவளையாச்சும் ஆத்தா விட்டு வைக்கட்டும்."

கதவுக்குப் பின்னால் அழகி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். சொல்லிவிட வேண்டும் என்று கருத்தையாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் இந்த மனிதனுக்கு ஆத்தாவும் இல்லாமல் போய்விடுவாள் என்று நினைத்தான். அதுவும் பொய்தான், அவனுக்குப் பயம். ரத்தம் கொடுக்கிற கருத்தையா என்ற பேரை விட மனசு வரவில்லை.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தான். குழந்தையின் கை முருங்கைக்காய்க் காம்பு கனம்தான் இருந்தது. நூல் மூன்று சுற்று வந்தது. அவன் விரல் பட்டதும் அது கண் விழித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் அவனையே பார்த்தது.

அரசப்பன் செருப்பைக் கழற்றினான். இந்தத் தடவை கருத்தையாவைப் பார்த்துக் கும்பிட்டான்.