பின் லேபிளில் என் பெயர்

நான் ஒயின் குடிப்பதில்லை. பக்தியெல்லாம் ஒன்றுமில்லை, அந்த வாசனையே ஆகாது. ஆனால் இத்தாலியில் நாலு ஹெக்டேர் தோட்டம் வைத்திருக்கும் சில்வானோவின் சிவப்பு ஒயினைச் சான்டா கிளாராவில் என்னைப் போல விற்றவர்கள் கிடையாது. தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தத் தவளை நான்தான்.

நடந்தது மூன்று வருடங்களுக்கு முன்னால். அப்போது எனக்கு ஹெச்-ஃபோர் விசா. அதாவது கம்ப்யூட்டர் என்ஜினீயர் நெடுஞ்செழியனின் மனைவியாக இருக்கலாம், பிள்ளை வளர்க்கலாம், வேலை மட்டும் பார்க்கக் கூடாது. கோயம்புத்தூரில் விவசாயம் படித்து, கம்பம் திராட்சைத் தோட்டங்களுக்கு ஆலோசனை சொன்னவள், இங்கே கடை கடையாகக் கீரைக்கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை இத்தாலிய மளிகைக் கடை ஒன்றில் சில்வானோ மேஜை போட்டு ருசி பார்க்க ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள், ஆர்கானிக் என்றால் மருந்தே அடிக்க மாட்டீர்களா என்று கேட்டாள். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து வார்த்தை. திருதிருவென்று விழித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மேஜையில் கிடந்த தோட்டத்துப் படங்களைக் காட்டி நானே ஆரம்பித்துவிட்டேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அளவோடு அடிப்பார்கள், அதற்கு அனுமதி உண்டு. கொடி வரிசைகளுக்கு நடுவே மொச்சை மாதிரி ஒன்றை விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதுவிடுவார்கள், அதுதான் உரம். சில்வானோ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஒரு மணி நேரத்தில் பெட்டிகள் காலி. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் கூப்பிட்டார், போனேன். ஒவ்வொரு முறையும் இரண்டு பாட்டில் கையில் கொடுத்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் படிப்பை யாரோ காது கொடுத்துக் கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த வருடம் கிரீன் கார்டு இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது செழியன் அதே கடையிலிருந்து சில்வானோவின் புது பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முகம் வெளிறியிருந்தது.

“பின்னாடி படிச்சுப் பாரு.”

சில்வானோ வருடாவருடம் பின் லேபிளில் அந்த வருடம் உதவியவர்களுக்கு நன்றி எழுதுவார்; மூன்று வருடத்துக்கு முந்தைய அறுவடை இப்போதுதான் பாட்டிலில் வந்திருந்தது. கொடி கவாத்து பண்ணிய மைத்துனன், டிராக்டர் கொடுத்த பக்கத்துத் தோட்டக்காரர். அவர்களுக்குக் கீழே ஆங்கிலத்தில், ‘கலிபோர்னியாவில் எங்கள் ஒயினை விற்ற கயல் நெடுஞ்செழியனுக்கு’ என்று இருந்தது. என் பெயரை எழுத்துப் பிசகாமல் அச்சடித்த முதல் வெள்ளைக்காரர் அவர்தான்.

“ஒயினை வித்தியா நீ? ஹெல்ப்புன்னுதானே சொன்ன?”

“ஹெல்ப்புதாங்க. நான் காசே வாங்கல.”

“பாட்டில் வாங்கினல்ல? அதுவும் பேமென்ட்தான். பர்மிட் இல்லாம வேலை பாத்தியான்னு கிரீன் கார்டு ஃபார்ம்ல கேட்டான். நாம நோன்னு போட்டிருக்கோம்.”

“அப்பத் தோணவே இல்லைங்க. லாயரைக் கேப்போமா?”

“அது கம்பெனி லாயர், கயல். கம்பெனிக்குத் தெரிஞ்சா என் ஃபைலும் சேந்து போயிரும். பன்னெண்டு வருஷம் காத்திருக்கோம். வாயத் திறக்காத.”

மறுநாள் போய் அந்தக் கடையில் மிச்சமிருந்த பதினோரு பாட்டிலையும் வாங்கி வந்தோம். குளியல் தொட்டியில் வெந்நீர் விட்டு ஊறப்போட்டு, நகத்தால் லேபிளைச் சுரண்டினேன். ஏழு வயது வெண்பா வாசலில் நின்று, “அம்மா, வொய் ஆர் யூ கிவிங் தெம் எ பாத்?” என்றாள். அவளை விரட்டினேன், பிறகு அதற்காக அழுதேன். சில்வானோ அச்சடித்தது ஆறாயிரம் பாட்டிலாம். நியூஜெர்சியில் எத்தனை, டெக்சாஸில் எத்தனை, யார் வீட்டு மேஜையில் எத்தனை? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தபால்காரர் வந்தால்கூடக் கதவைத் திறக்கவில்லை.

இன்டர்வியூ அதிகாரி சாந்தமான மனுஷி. அதுவே என்னை இன்னும் பயமுறுத்தியது. வலது கையைத் தூக்கச் சொல்லி, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டோம் என்று சத்தியம் வாங்கினார். ஃபார்மில் ஏதாவது திருத்தணுமா என்று கேட்டார். இல்லை என்றோம். பிறகு என்னைப் பார்த்து, அனுமதி இல்லாமல் எப்போதாவது வேலை பார்த்தீர்களா என்றார். செழியன் மடியிலிருந்த ஃபைலைத் திறந்து மூடினார்.

“நோ,” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மூன்று வாரத்தில் கார்டுகள் வந்தன. செழியன் வெண்பாவைத் தூக்கிச் சுற்றினார். அன்று மத்தியானமே கம்பெனி வக்கீல் தீக்ஷா வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள். சென்னைப் பெண், கலகலவென்று பேசுவாள். வேற கொஸ்டின் இருக்கா என்று கேட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேக்குறேன் தீக்ஷா. ஹெச்-ஃபோர்ல இருந்தப்ப மூணு நாள் ஒரு கடையில ஹெல்ப் பண்ணிருக்கா. ஃபார்ம்ல நோன்னு போட்டுட்டா. ரொம்பப் பயப்படுறா.”

தீக்ஷா சிரித்தாள். “மூணு நாளா? இதுக்கா பயம்? உங்கள மாதிரி எம்ப்ளாய்மென்ட் கேஸ்னா நூத்தியெண்பது நாள் வரைக்கும் பர்மிட் இல்லாம பாத்த வேலைய சட்டமே விட்டுடுது. இன்டர்வியூல அவங்களே மொதல்ல சொல்லி கரெக்ட் பண்ணிக்கட்டும். ஒண்ணும் ஆகாது.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லி வைங்க,” என்றாள். “சத்தியம் பண்ணிட்டுப் பொய் மட்டும் சொல்லிடக் கூடாது. வேலை பாத்தத விட்டுடுவாங்க, பொய்ய விட மாட்டாங்க. கார்டு வந்தப்புறம், ஏன், சிட்டிசன் ஆனப்புறம்கூட, எத்தன வருஷம் கழிச்சும் தோண்டுவாங்க. அவங்க இன்னும் இன்டர்வியூ போகலல்ல?”

செழியன் கார்டை வெண்பாவின் கையில் கொடுத்து என் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார். என்ன சொல்றாங்க என்று என்னைப் பார்த்துச் சைகையில் கேட்டார்.

“போகல,” என்றேன். “அடுத்த வாரம்தான்.”

“அப்பாடா, அப்ப டைம் இருக்கு,” என்றாள் தீக்ஷா.