ஒரு விதிவிலக்கும் கிடையாது

நகரசபை வக்கீல் கெஸ்லர் கடிதத்தை வாசித்து முடித்தபோதும் வெர்னன் வீட்டு வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தபடிதான் நின்றான். அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

போன அக்டோபர் காட்டுத்தீயில் எங்கள் மலைச்சரிவில் எரிந்தது அவன் வீடு ஒன்றுதான். பத்து மாதமாக அந்த மனையிலேயே டிரெய்லர் வண்டியில் குடியிருக்கிறான். அதே இடத்தில், அதே அளவில் திரும்பக் கட்ட அனுமதி கேட்டிருந்தான். கிடையாது என்கிறது கடிதம். செங்குத்துச் சரிவில் இனி வீடு கட்டக்கூடாது என்று மூன்று வருஷம் முன்பு ஊரே ஓட்டுப்போட்டு ஜெயிக்கவைத்த சட்டம்தான் காரணம். அதை எழுதியவள் நான். மளிகைக்கடை வாசலில் மடக்கு மேஜை போட்டு, போகிறவர் வருகிறவரை மடக்கிக் கையெழுத்து வாங்கிய மகராசியும் நானேதான்.

"ஏம்மா, அது புதுசா வர்ற பில்டருங்களுக்குத்தானே? நான் முப்பது வருஷமா இருக்கிறவன்" என்றான் வெர்னன்.

"இருக்கிற வீட்டை வச்சுக்கலாம் சார். எரிஞ்சா திரும்பக் கட்டலாம்னு சட்டத்துல இல்லையே."

"எழுதினவளே இங்க நிக்கிறா, கேளுங்க."

"அப்படி நெனச்சு எழுதலம்மா" என்றேன். "எந்தக் கோர்ட்டுல வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்."

கெஸ்லர் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "நீங்க மனசுல நெனச்சது கோர்ட்டுக்கு வேண்டாம். ஓட்டுப்போட்டவங்க எதைப் படிச்சாங்கன்னுதான் பாப்பாங்க."

அந்த ஓட்டெடுப்புக்கு முன் இரு தரப்பு வாதங்களையும் அச்சடித்து வீடுவீடாக அனுப்பிய வாக்காளர் கையேட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். எங்கள் தரப்பு வாதம். ஒரு வரியின் மேல் மஞ்சள் மை. 'ஒரு விதிவிலக்கும் கிடையாது. எவருக்கும் கிடையாது.'

அந்த வரி பிறந்தது வெர்னனின் சமையலறையில். தீயில் போன வீட்டைத் திரும்பக் கட்டலாம் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். எதிராளிகள் அதைச் சட்டத்தில் ஓட்டை என்று பிடித்துக்கொள்வார்களே என்று பயம். "தூக்கிரு லோர்னா, கெத்தா இருக்கும்" என்றான் அவன், தோசைக்கல்லில் பான்கேக்கைத் திருப்பியபடி. நானும் அதை அடித்துவிட்டு இந்த வரியைப் போட்டேன். எங்கள் வீடா எரியப்போகிறது என்ற திமிர், வேறென்ன?

"மாத்த முடியாதா?" என்று கேட்டேன்.

"நகரசபை தொடக்கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. மறுபடி ஓட்டுக்கு விடணும். அடுத்த வருஷம் நவம்பர்ல. அதுலயும் ஜெயிக்கணும்."

வெர்னன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான். வாதத்துக்குக் கீழே ஐந்து பெயர்கள். முதலில் என் பெயர், அடுத்தது அவனுடையது. வெர்னன் செக்கேரா.

"அடடா" என்றான். "என் பேரை இது ஒண்ணுலதான் தப்பில்லாம அச்சடிச்சிருக்காங்க."

சாயங்காலம் அவன் மனைக்குப் போனேன். வரப்போகும் வீட்டின் உயரத்துக்குக் கம்பம் நட்டு நாடா கட்டிக் காட்டவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். போன வாரமே நட்டிருந்தான். கரிந்த தரைக்கு மேலே ஆரஞ்சு நாடாவில் கூரை, சுவர், முகப்பு எல்லாம் படபடத்துக்கொண்டிருந்தன.

வெர்னன் எந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவிலும் நுழைந்திருக்கலாம். சுற்றிப் போய், வாசல் வரவேண்டிய இடம் வழியாகத்தான் போனான். அடுப்பு இருந்த மூலையில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"ஏன் அங்கேயே நிக்கிற? உள்ள வா லோர்னா" என்றான். "காலைத் தொடச்சுட்டு வா."

நான் சாம்பல் மண்ணில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டே நின்றேன்.